சிறு ஒடுக்குக்குச் சொந்தக் கை போதும்

“ஒடுக்கு விழுந்துவிட்டதா? நீங்கள் கை வைக்காதீர்கள். வைத்தால் கெட்டுவிடும்.” இங்கிலாந்தில் கேரவன் வைத்திருப்பவர் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் புத்திமதி இதுதான். பட்டறைக்காரர் சொல்கிறார். விற்பனையாளர் சொல்கிறார். முகாமில் பக்கத்து இடத்துக்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அதையே சொல்கிறார். பத்துப் பேர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. உள்ளங்கைக்குள் அடங்கும், தகடு கிழியாத ஒடுக்கைச் சொந்தக்காரரே சரிசெய்யலாம். பல நேரங்களில் பட்டறை சொல்லும் வைத்தியத்தைவிட அதுவே வண்டிக்கு நல்லது. ஊரே ஒரு குரலில் சொல்வதை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேரவன் என்றதும் நம்மவர்களுக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அதைப் பற்றியது இல்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு இது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். எடை ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன், சில அதற்கும் மேலே. கோடையானால் இந்நாட்டுச் சாலைகளில் வரிசை வரிசையாக ஊர்ந்து போகும்.

எங்களுடையது பழைய வண்டி. யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பிக்கு அருகே ஒரு பண்ணை முகாமிலிருந்து வெளியேறும்போது, குறுகலான வாசலின் மரத்தூண் இடது சுவரில் இடித்துவிட்டது. சக்கரத்துக்கு மேலே ஓர் ஒடுக்கு. என் உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடும் அகலம், 4 மில்லிமீட்டர் ஆழம். பெயின்ட் உரிந்திருந்தது, தகடு கிழியவில்லை. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நிமிடம் பார்த்தார்கள். பக்கத் தகடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை, வண்டியை நான் வாங்கிய விலையில் பாதிக்கும் மேல். உள்ளங்கை அளவு காயத்துக்கு உடம்புத் தோலையே உரித்து மாற்றச் சொல்கிறார்களே என்ற திகைப்பில்தான், தொடாதே என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் காரணம்: கேரவன் காரைப் போன்றதன்று, அதன் சுவர் அமைப்பே வேறு, சாதாரண ஆட்களுக்கு அது புரியாது.

சுவர் வேறு என்பது முழு உண்மை. பல வண்டிகளில் வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே மெல்லிய பிளைவுட். இரண்டுக்கும் நடுவே, நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் பாலிஸ்டைரீன் நுரை. மூன்றையும் பசை தடவி அழுத்தி ஒரே பலகையாக்கிவிடுகிறார்கள். பித்தளைக் குடத்தில் ஒடுக்கு விழுந்தால், தெருவில் வரும் ஒடுக்கு எடுப்பவர் உள்ளே இரும்பைக் கொடுத்து வெளியே தட்டி நிமிர்த்துவார். கார் கதவில் விழுந்தால், உள்பக்கமாகக் கம்பியை நுழைத்து நெம்பிப் பெயின்ட் கலையாமலே எடுத்துவிடும் வித்தைக்காரர்கள் இருக்கிறார்கள். கேரவன் தகட்டுக்கு மட்டும் கை நுழைய உள்பக்கமே கிடையாது. பின்னால் இருப்பது நுரை. அந்த நுரையும் ஒடுக்கு விழுந்த இடத்தில் நசுங்கிப் போயிருக்கும்.

ஆனால் இந்த உண்மை யாருக்குச் சாதகம்? பின்னாலிருந்து தள்ளும் வழி எனக்கு இல்லை என்றால் பட்டறைக்காரருக்கும் இல்லை. உறிஞ்சு கிண்ணம் வைத்தோ பசை வைத்தோ வெளியிலிருந்து இழுத்தால், தகடு நுரையைவிட்டுப் பிரியும் ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். அடிபட்டு நீண்டுபோன மெல்லிய தகடு பழைய அளவுக்குச் சுருங்காது. இழுத்தாலும் டப்பா மூடிபோல் உள்ளே வெளியே துள்ளிக்கொண்டிருக்கும். அவர்களுக்கும் எனக்கும் மிஞ்சுவது ஒரே வழி: பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்துச் சமன் செய்து, பெயின்ட் அடிப்பது. காரின் ஒடுக்கை எடுக்கத்தான் தனித் திறமையும் தனிக் கருவிகளும் வேண்டும். கேரவனின் சிறு ஒடுக்கில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை. சுவரின் அமைப்பைக் காட்டி நம்மைத் தள்ளி நிறுத்துகிறார்களே, அந்த அமைப்புதான் இதை நம் கைக்கு எட்டும் வேலையாக்குகிறது.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் மறுத்தாக வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, உடனே குளிர்ந்த ஸ்ப்ரே அடித்தால் ஒடுக்கு ‘டப்’பென்று வெளியே வந்துவிடும் என்று சொல்பவர்கள். சொந்தக் கை வேலைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் இவர்களே. காரின் எஃகுத் தகட்டில், அகலமான ஆழமில்லாத பள்ளத்தில், எப்போதாவது அது பலிக்கலாம். நுரையோடு ஒட்டிய அலுமினியத்தில் பலிக்காது. பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் 500 டிகிரியையும் தாண்டும். அதைத் தகட்டில் பிடித்தால் ஒடுக்கு வெளியே வராது. உள்ளே நுரை சுருங்கும், பசை விடும், உள்ளங்கை அளவு பள்ளம் தட்டளவு பள்ளமாகும். இப்படிக் கெடுத்த வண்டிகளைப் பார்த்துப் பட்டறைக்காரர்கள் மனம் நொந்து பேசுவது நியாயம். ஆனால் அந்த நியாயம் தவறான முறையைத்தான் தடுக்கிறது. சரியான முறையைக் கற்றுக்கொண்ட கையைத் தடுக்க அதில் இடமில்லை.

இரண்டாவது காரணம்தான் அவர்களுடைய பெரிய ஆயுதம்: நீங்கள் செய்தால் தண்ணீர் உள்ளே போகும்.

கேரவனுக்கு எமன் தண்ணீர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சுவருக்குள் ஓடும் மரச்சட்டம் ஈரம் பட்டால் உளுக்கும், பிளைவுட் ஊறிப் பஞ்சாகும். வெளியே பளபளப்பாக நிற்கும் வண்டியை உள்ளே விரலால் அழுத்தினால் சுவர் அமுங்கும். ஈரம் அளக்கும் கருவியில் 15 விழுக்காடு வரை கவலையில்லை. 20ஐத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். 30ஐத் தாண்டினால் உள்ளே சிதைவு தொடங்கியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு.

அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? தகட்டின் நடுவிலிருந்து வருவதில்லை. தகடும் தகடும் சேரும் மூலைகள், வெளிக் கூடாரம் மாட்டும் ஓரச் சட்டங்கள், ஜன்னல் விளிம்பு, விளக்குகளைத் திருகிய துளைகள் ஆகியவற்றின் வழியாக வருகிறது. அங்கேயெல்லாம் மாஸ்டிக் என்னும் பிசுபிசுப்பான அடைப்பு நீரைத் தடுத்து நிற்கிறது. வருடங்கள் போகப் போக அது காய்ந்து வெடிக்கும். தகட்டின் நடுவே விழுந்த, கிழியாத ஒடுக்கு இவை எதையும் தொடுவதில்லை. அதன்மேல் பட்டி வைத்துத் தேய்ப்பவரும் இவை எதையும் தொடுவதில்லை.

இப்போது பட்டறை சொல்லும் வைத்தியத்தைப் பாருங்கள். பக்கத் தகட்டை மாற்ற ஜன்னல்களைக் கழற்ற வேண்டும். கதவுச் சட்டம், வெளி விளக்குகள், மின்சார இணைப்புப் பெட்டி, ஃபிரிட்ஜின் காற்றுத் துளை மூடிகள், மேலும் கீழும் ஓடும் ஓரச் சட்டங்கள், அவற்றின் திருகாணிகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பிறகு பழைய தகட்டை உரித்துவிட்டோ அதன் மேலேயோ புதியதை ஒட்டுவார்கள். எப்படிச் செய்தாலும் அந்தப் பக்கத்தில் நீரைத் தடுத்துக்கொண்டிருந்த ஒவ்வோர் அடைப்பையும் பிரித்து மறுபடி போட வேண்டும். கை தேர்ந்தவர் செய்தால் புதிது போலவே இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் இருபது இடங்களில் அடைப்பைப் பிரிப்பதற்கும் ஓரிடத்திலும் பிரிக்காமல் இருப்பதற்கும் நடுவே, தண்ணீருக்கு அதிக வாய்ப்புத் தருவது எது? சிறு ஒடுக்குக்கு முழுத் தகட்டை மாற்றச் சொல்பவர், தண்ணீரைக் காட்டி நம்மைப் பயமுறுத்தும் உரிமையை இழந்துவிடுகிறார்.

மூன்றாவது காரணம்: இது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை, உங்களுக்கு வராது. வரும். இதில் பழகிய கை செய்வதைப் பொறுமையுள்ள கையும் செய்யும். நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். வேலை என்னவென்று சொல்கிறேன்.

முதலில் சோப்பு நீர், பிறகு ஆல்கஹால் போட்டு மெழுகும் எண்ணெயும் போகத் துடைக்க வேண்டும். ஒடுக்கைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசை திடீரென்று பொள்ளலானால் தகடு நுரையைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓசை ஒரே மாதிரி இருந்தால் 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்து வெறும் தகட்டை வெளிக்கொணர வேண்டும். இரும்பைத் தேய்த்த தாளும் இரும்புக் கம்பி பிரஷும் இங்கே ஆகவே ஆகாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால், ஈரம் பட்டதும் அந்த இடம் அரிக்கத் தொடங்கி, பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே ஆக்சைடு கட்டும் உலோகம். அதனால் தேய்த்த தகட்டை நாளைக்கு என்று விட்டு வைக்காமல் அப்போதே பட்டி வைத்துவிட வேண்டும்.

பட்டி இரண்டு பொருள்களின் கலவை. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு கடினமாக்கி. கலந்தால் ஐந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும். ஆகவே கொஞ்சமாகக் கலந்து, மெல்லிய அடுக்காக வைத்து, காய்ந்தபின் அடுத்த அடுக்கு. பிறகு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் 120, 180, 320 என்று ஏறு வரிசையில், தண்ணீர் தொடாமல் தேய்க்க வேண்டும். பட்டி தண்ணீரைக் குடிக்கும். சமமாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுங்கள். வெள்ளைச் சுவரில் கண் ஏமாறும், கை ஏமாறாது. சுற்றிலும் தெரியும் வெறும் தகட்டுக்கு எட்ச் பிரைமர், அதன்மேல் கனமான பிரைமர், அது காய்ந்தபின் மெல்லிய தேய்ப்பு, கடைசியாகப் பெயின்ட். வெயிலும் காற்றும் மழையும் இல்லாத நாளில், ஒரு சாண் தூரத்தில் டப்பாவைப் பிடித்து, ஒரே கனத்த பூச்சாக அடிக்காமல் நான்கைந்து மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். ஒரு வாரம் ஆறவிட்டு பாலிஷ் போட வேண்டும்.

இதில் எந்தப் படியில் மந்திரம் இருக்கிறது? எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. முதல் பட்டி மேடாகிப்போய் முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பட்டியில் பிழை செய்தால் உப்புத்தாளால் திருத்திக்கொள்ளலாம், வண்டிக்கு நட்டமில்லை. சோப்பு நீர் முதல் பாலிஷ் வரை ஆன மொத்தச் செலவு, நாங்கள் நால்வர் ஓர் உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடும் தொகை.

நிறம் பொருந்தாது என்கிறார்கள். கேரவன் வெள்ளை ஒரே வெள்ளை இல்லை, வெயிலில் வருடாவருடம் மாறும் என்பது சரிதான். அதனால்தான் கண்ணால் பார்த்து டப்பா வாங்கக் கூடாது. வண்டியிலிருந்து கழற்றக்கூடிய ஒரு சிறு மூடியை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனால், அளந்து கலந்து ஸ்ப்ரே டப்பாவில் அடைத்துத் தருகிறார்கள். புதுப் பூச்சை நடுச் சுவரில் நிறுத்தாமல், பக்கத்தில் ஓடும் ஸ்டிக்கர் கோடு வரையோ ஓரச் சட்டம் வரையோ கொண்டுபோய் முடித்தால் எல்லை கண்ணில் படாது. பட்டறையும் இதே வழியில்தான் நிறம் சேர்க்கிறது.

அடுத்தது விற்பனை மதிப்பு. சொந்தமாகச் சரிசெய்த வண்டிக்கு விலை போகாது என்கிறார்கள். பழைய கேரவன் வாங்க வருபவர் கையில் ஈரம் அளக்கும் கருவியோடு வருகிறார். விலையை முடிவு செய்வது அந்த எண். ஒடுக்கோடும் உரிந்த பெயின்டோடும் நிற்கும் வண்டி, சொந்தக்காரர் கவனிக்கவில்லை என்று வந்தவரிடம் தானே சொல்லிவிடும். மாறாக, வேலையின் ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து வைத்து, இன்ன இடத்தில் இன்னது செய்தேன் என்று நேராகச் சொன்னால் நம்பிக்கை கூடுகிறது. மறைக்க நினைப்பவருக்குத்தான் பட்டி பயம்.

அவர்கள் சொல்வதில் நான் ஏற்பவையும் இருக்கின்றன. ஏற்காமல் வாதாடினால் அது வாதமாகாது.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் முதலில் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். நீர்க்கசிவுக்குப் பல வருட உத்தரவாதம் தருபவர்கள் ஆண்டுச் சோதனை போன்ற நிபந்தனைகளோடு தருகிறார்கள். ஒரு சிறு ஒடுக்குக்காக அதை இழப்பது அறிவுடைமையன்று. தகடு கிழிந்திருந்தால் கதையே வேறு. சாதாரண பாலியெஸ்டர் பட்டியில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. துளை வழியாக நுரையில் பட்டால் நுரையைக் கரைத்துத் தின்றுவிடும். மூலைகளிலும் ஓரச் சட்டத்தை ஒட்டியும் ஜன்னல் விளிம்பிலும் விழுந்த அடி, அடைப்பை அசைத்திருக்கக்கூடும். அது அறிந்தவர் பார்க்க வேண்டியது. சில வண்டிகளின் முன்முகமும் பின்முகமும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அவற்றுக்கு வளைந்து கொடுக்கும் தனிப் பட்டி வேண்டும். சொரசொரப்பாகப் புள்ளி புள்ளியாய் அச்சிட்ட அலுமினியச் சுவர்களில் பட்டி வைத்த இடம் வழவழப்பாகத் தனித்துத் தெரியும். அங்கே ஒடுக்கை அப்படியே விடுவதோ மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதோ நல்லது. எங்கேயும் சிலிக்கோன் பூசாதீர்கள்; அதன்மேல் பெயின்டும் ஒட்டாது, நாளைக்குப் போடும் அடைப்பும் ஒட்டாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூச்சு. கடினமாக்கி கலந்து அடிக்கும் இரட்டைப் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முதன்மையான காரணங்களில் அது ஒன்று. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வீட்டு வாசலில் நின்று வேலை செய்பவர் கடினமாக்கி தேவைப்படாத சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரேயோடு நின்றுகொள்ள வேண்டும். தேய்க்கும்போதும் அடிக்கும்போதும் தகுந்த முகமூடி அணிய வேண்டும். இந்த எல்லையை மீறுபவருக்காக நான் பேசவில்லை.

இந்த விலக்குகளையெல்லாம் கழித்த பிறகும் பெருவாரியான ஒடுக்குகள் மிஞ்சுகின்றன. கூடாரக் கம்பம் சாய்ந்தது, பிள்ளைகளின் பந்து பட்டது, கார்ச் சக்கரம் தெறித்த கல் விழுந்தது, மரக்கிளை உரசியது. இவற்றையும் சேர்த்துத்தான் ‘தொடாதே’ என்கிறது அந்தப் பொதுப் புத்தி. அங்கேதான் அது தவறுகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 16 முதல், சாதாரணக் கார் உரிமம் வைத்திருப்பவர் தனித் தேர்வு இல்லாமலே 3,500 கிலோ வரை பின்வண்டி இழுக்கலாம் என்று பிரிட்டன் அனுமதித்திருக்கிறது. அவர் தன் கையாலேயே கொக்கியை மாட்டுகிறார், எரிவாயுக் குழாயை இணைக்கிறார், மின்சாரத்தைச் செருகுகிறார், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வரை இழுத்துப் போகிறார். ஓர் உயிர்ச்சேதத்துக்குக் காரணமாகக்கூடிய இத்தனையையும் அவரை நம்பி விடுகிற சமூகம், அவர் கையில் ஓர் உப்புத்தாளைக் கண்டால் மட்டும் பதறுவதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

அந்தப் பதற்றம் ஒரு கெடுதலையும் செய்கிறது. தொடாதே தொடாதே என்று கேட்டுப் பழகியவர் தன் வண்டியைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். வருடத்துக்கு ஒருமுறை பட்டறை பார்க்கும் என்று இருந்துவிடுகிறார். தண்ணீர் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பதில்லை.

என் வண்டியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டாவது சனிக்கிழமை, பட்டியைத் தேய்த்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக் கையால் தடவிக்கொண்டு வந்தபோது, ஒடுக்கிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கீழ் ஓரச் சட்டத்துக்கு அடியில் விரலில் ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தேன். மாஸ்டிக் காய்ந்து வெடித்து, நகம் நுழையும் இடைவெளி. பல மாத மழை அதன் வழியாகப் போயிருக்க வேண்டும்; உள்ளே ஈரம் 19 காட்டியது. பழையதைச் சுரண்டி எடுத்து, உலரவிட்டு, புதிய மாஸ்டிக் நாடா வைத்துச் சட்டத்தைத் திருகினேன். இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. இந்த ஏப்ரலில் அதே இடத்தில் அளந்தேன்: 12.

ஒடுக்கு இருந்த இடத்தை இன்று யாராவது உற்றுப் பார்த்தால், பட்டி வைத்தது தெரியலாம். தெரியட்டும். அந்த இடத்தில் கை வைத்திருக்காவிட்டால், கொஞ்சம் தள்ளி வண்டியைத் தின்றுகொண்டிருந்த வெடிப்பு என் விரலில் பட்டிருக்காது.